வாசல் ஏறாமல் வாங்கிய வீடு

சின்னமனூரில் வாழை இலை வியாபாரம் செய்த ராஜாத்தி, 1968ஆம் வருஷம் தை மாதம் அந்த ஓட்டு வீட்டுக்கு ஒத்திக்குக் குடிவந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் செல்லப்பாண்டியிடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை மொத்தமாகக் கொடுத்துவிட்டாள். மாத வாடகை கிடையாது. காலி செய்கிற நாளில் கொடுத்த ரூபாயை அப்படியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது. ரூபாய்க்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை என்று தேனிப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருந்தார்கள்.

வீடு தெருப்பக்கம் இருபத்திரண்டு அடி, உள்ளே போகப் போக எழுபத்தொரு அடி. முன்னால் இரண்டு அறைகள் சாதாரணம்தான். பின்னால் இருந்த கிணற்றுக்காகவும், அதை ஒட்டி நின்ற இரண்டு புங்க மரங்களின் நிழலுக்காகவும்தான் ராஜாத்தி அந்த வீட்டைப் பிடித்தாள். விடிவதற்குள் உத்தமபாளையத்துத் தோட்டங்களில் அறுத்த இலை, ஏழு மணிக்குக் கட்டாக வந்து இறங்கும். ஈரச் சாக்கு போர்த்தி, நிழலில் அடுக்கி, கிணற்றுத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் சாயங்காலம் மதுரை பஸ்ஸில் ஏற்றும் வரை இலையின் விளிம்புகூடச் சுருளாது. கிணறும் நிழலும் பஸ் போகும் சாலையும் கூப்பிடு தூரத்தில் அமைந்த வீடு சின்னமனூரில் வேறொன்று அவள் பார்வைக்கு அகப்படவில்லை.

அவள் புருஷன் முத்துக்கருப்பன் எஸ்டேட் ஜீப் ஓட்டியவன். 1966இல் மேகமலைப் பாதையில் ஜீப் உருண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது அவளுக்கு முப்பது வயது. முதலில் தலைச்சுமையாக இலை விற்றாள். அப்புறம் கட்டுக்கணக்கில் விற்றாள். 1974இல் மதுரையில் ஒன்பது சாப்பாட்டுக் கடைகளுக்கு அவள் இலைதான் போய்க்கொண்டிருந்தது. கட்டுப் பிரித்து எண்ணுவதற்கு இருளம்மாள் என்ற கூட்டாளி ஒருத்தி இருந்தாள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம்.

அந்த வருஷம் செல்லப்பாண்டி, வீட்டை விற்கப் போவதாகவும் வாங்கிக்கொள்கிறாயா என்றும் கேட்டார். ஆறாயிரம் ரூபாய் விலை சொன்னார். ராஜாத்தி சரி என்று சொல்லிவிட்டு நேரே பத்திர எழுத்தர் வைகுண்டராஜிடம் போனாள்.

வைகுண்டராஜ் பத்திர ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஒரு சைக்கிள் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்து உட்கார்ந்திருந்தவர். ஒரு பத்திரத்துக்கு மற்றவர்கள் ஒரு மணி நேரம் எடுத்தால் இவர் இரண்டு நாள் எடுப்பார். சொத்தைப் போய்ப் பார்க்காமல் பேனாவைத் திறக்க மாட்டார். அதனால் அவசரக்காரர்கள் அவரிடம் வருவதில்லை.

ஒத்திச் சீட்டை முதலில் காட்டச் சொன்னார். ராஜாத்தி கொடுத்தது ஒரு வெள்ளைத்தாள். செல்லப்பாண்டியின் கையெழுத்து ஸ்டாம்பு மேல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். இதை ஏன் பதியவில்லை என்று கேட்டார். அண்ணன் முறை, அவரிடம் போய்ப் பதியச் சொன்னால் நன்றாகவா இருக்கும் என்றாள்.

“அசலூர்க்காரன்கிட்ட நாமளே உஷாரா இருப்போம் தாயி,” என்றார் வைகுண்டராஜ். “பத்திரமெல்லாம் அண்ணன் முறைக்குத்தான் வேணும்.”

பதியாத ஒத்தி கோர்ட்டில் நோஞ்சான், அதை நம்பி நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு, வேலையை ஆரம்பித்தார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டார். செல்லப்பாண்டியின் அப்பா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகலை எடுத்து, இந்த வீடு எந்தப் பங்கில் விழுந்தது என்று பார்த்தார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு உரிமை ஏதும் மிச்சமிருக்கிறதா என்று ஆள் ஆளாக விசாரித்தார். வரி ரசீது யார் பேரில் வருகிறது என்று பார்த்தார். கடைசியில் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்து நான்கு பக்கமும் அளந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இது யார் சுவர் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்தார்.

இருளம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லை என்றாள். அதனால்தான் பாதிப் பேர் முழிக்கிறார்கள் என்று வைகுண்டராஜ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

1974 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. கிரய ஒப்பந்தம் எழுதினார்கள். ஒத்தி ரூபாய் ஆயிரத்து ஐந்நூறும் விலையில் கழியும்; அன்றைக்கு ஆயிரம் ரூபாய் ரொக்கம்; மீதி மூவாயிரத்து ஐந்நூறை இரண்டு வருஷத்துக்குள் கட்டிக் கிரயம் எழுதிக்கொள்ள வேண்டும். வீடு ராஜாத்தியின் சுவாதீனத்தில் இருக்கிறது என்று தனியாக ஒரு வரி சேர்த்தார் வைகுண்டராஜ். செல்லப்பாண்டி, அதுதான் ஊருக்கே தெரியுமே என்றார். தெரிந்ததை எழுதினால் தப்பில்லையே என்று இவர் எழுதிவிட்டார்.

ஒன்றரை வருஷத்தில் ராஜாத்தி மீதியைச் சேர்த்துவிட்டாள். தபால் ஆபீஸ் பாஸ்புத்தகத்தில் முழுத்தொகையும் ஏறியிருந்தது. ஆனால் செல்லப்பாண்டி நாள் கடத்த ஆரம்பித்தார். மூலப்பத்திரம் போடியில் மைத்துனன் வீட்டில் இருக்கிறது என்றார். மைத்துனன் ஊரில் இல்லை என்றார். மாசி கழியட்டும் என்றார், பங்குனியில் பத்திரம் எழுதுவதில்லை என்றார். உண்மைக் காரணம் வேறு. வாழைக்காய் மண்டிகள் அந்தச் சாலைப் பக்கம் நகர்ந்து வந்துவிட்டன. வீட்டின் விலை இரண்டு மடங்காகியிருந்தது.

கெடு முடிய பத்து நாள் இருக்கும்போது வைகுண்டராஜ், பணம் தயாராக இருக்கிறது, கிரயம் எழுதித் தர வாருங்கள் என்று செல்லப்பாண்டிக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வைத்தார். செல்லப்பாண்டி வாங்க மறுத்துவிட்டார். தபால்காரர் மறுப்பு எழுதி உறையைத் திருப்பிக் கொண்டுவந்தார். ராஜாத்தி அதைப் பிரிக்கப் போனபோது வைகுண்டராஜ் பாய்ந்து கையைப் பிடித்தார். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும், இதைப் பிரிக்கிற உரிமை இனிமேல் நீதிபதிக்குத்தான் என்றார்.

1976 செப்டம்பர் 6, திங்கட்கிழமை, செல்லப்பாண்டி அந்த வீட்டைப் போடி ஏலக்காய் வியாபாரி சண்முகராஜுக்குப் பதினோராயிரம் ரூபாய்க்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார். ராஜாத்திக்கு இது தெரியாது. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை காலை, இலைக்கட்டு இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கறுப்புத் துண்டு போட்ட ஒருவர் இறங்கினார். நெற்றி நிறையத் திருநீறு. வாசற்படிக்கு முன்னால் தேங்காயை உடைத்தார். கற்பூரம் காட்டினார். வலது காலை எடுத்துப் படியில் வைத்தார்.

யார் என்ன என்று ராஜாத்தி ஓடிவந்து கேட்டாள். வந்தவர் மரியாதையாகவே பேசினார். வீட்டைத் தாம் வாங்கியிருப்பதாகவும், மாத வாடகைக்கு இருப்பவள் என்று செல்லப்பாண்டி சொன்னதாகவும், ஐப்பசிக்குள் காலி செய்துகொண்டால் போதும் என்றும் சொன்னார். அவசரப்படுத்தவில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

“வாங்குறதுக்கு முன்னால உள்ள வந்து பாக்கவே இல்லையே நீங்க?” என்றாள் ராஜாத்தி.

“பாக்கக் கூடாதும்மா. எனக்கு ஏழரைச் சனி. பத்திரம் பதியிற வரைக்கும் வாங்கப்போற வீட்டுப் படியை மிதிக்கிறதில்லைன்னு குச்சனூர் சனீஸ்வரன்கிட்ட வேண்டிக்கிட்டிருக்கேன். ஆளை விட்டுத் தெருப்பக்கம் அளந்துட்டு வரச் சொன்னேன். பக்கத்து வீடும் இதே கட்டுமானம்தானாம். அதைப் பாத்துக்கிட்டேன்.”

“ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா, அந்தத் தேங்காயாவது மிஞ்சியிருக்கும் மொதலாளி,” என்றாள்.

கார் போன பிறகுதான் உட்கார்ந்தாள். எட்டு வருஷம். வீடு போனால் கிணறு போகும், நிழல் போகும். இரண்டு நாள் இலை வாடினால் ஒன்பது கடையும் வேறு ஆளைப் பார்த்துவிடும். இருளம்மாள், அந்தக் கறுப்புத் துண்டைக் கிணற்றில் தள்ளியிருக்கலாம் என்று புலம்பினாள். ராஜாத்தி எழுந்து வைகுண்டராஜிடம் போனாள்.

நடந்ததை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தடவை கேட்கும்போது முகம் மலர்ந்துவிட்டது. ராஜாத்திக்கு ஆத்திரம் வந்தது. வீடு போய்க்கொண்டிருக்கிறது, இவர் சிரிக்கிறாரே என்று கேட்டே விட்டாள்.

“வில்லங்கம் ஆபீஸ் புஸ்தகத்துல மட்டும் இருக்காது தாயி. வீட்டுக்குள்ள குத்தவச்சும் உக்காந்திருக்கும். வாங்குறவன் அதையும் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு. உள்ள ஒருத்தி குடியிருக்கையில, நீ எந்த உரிமையில இருக்கேன்னு அவளைக் கேக்காம வாங்கினா, கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வாங்கின மாதிரிதான் கணக்கு. எனக்குத் தெரியாதுன்னு அவரு சொல்ல முடியாது. படியே ஏறலைங்குறாரே, அப்புறம் எங்கிட்டுக் கேக்குறது?”

இது வழக்கு, தன் வேலை இல்லை என்று சொல்லி உத்தமபாளையத்தில் வக்கீல் அய்யாத்துரையிடம் அழைத்துப் போனார். நவம்பரில் செல்லப்பாண்டி, சண்முகராஜ் இருவர் மேலும் வழக்குப் பதிவாயிற்று. மீதி மூவாயிரத்து ஐந்நூறையும் ராஜாத்தி கோர்ட்டிலேயே கட்டினாள். கட்டிய பிறகு கையில் இருந்தது பஸ் காசு.

சண்முகராஜின் பதில் மனு வந்தபோது அய்யாத்துரையே கவலைப்பட்டார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்ததாம். அது உண்மைதான், ஒத்தியும் பதியவில்லை, ஒப்பந்தமும் பதியவில்லை. ஆனால் ஐந்தாவது பாராவில் வேறொன்று இருந்தது. 1976 ஆகஸ்ட் 21ஆம் தேதி சண்முகராஜ் நேரில் வீட்டுக்குள் வந்து விசாரித்ததாகவும், தான் மாத வாடகைக்கு இருப்பவள் மட்டுமே என்று ராஜாத்தி சொன்னதாகவும் எழுதியிருந்தார்கள்.

அதைப் படித்துக் காட்டியதும் ராஜாத்தி கொதித்துப் போனாள். அந்த மனுஷன் சாமி கும்பிடுகிறவர், இப்படிப் பொய் சொல்வாரா என்றாள். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார் என்றார் வைகுண்டராஜ். இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களை முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறவர் அவர். காலண்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, அந்தத் தேதி என்ன கிழமை என்பதை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதி வக்கீலிடம் கொடுத்தார்.

விசாரணைக்கு வர இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவரை செல்லப்பாண்டி தெருவில் எதிர்ப்பட்டால், என்ன ராஜாத்தி, மூட்டை கட்டியாச்சா என்று கேட்பார். கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும் நாற்பது கட்டு என்று அவள் தலைச்சுமையோடு போய்க்கொண்டே இருப்பாள். ஒரு நாள்கூட இலை நிற்கவில்லை.

திரும்பி வந்த தபால் உறையை நீதிபதி தன் கையாலேயே பிரித்துப் படித்தார். அத்தோடு செல்லப்பாண்டியின் கதை ஏறக்குறைய முடிந்தது. பணம் கொடுக்க வரவே இல்லை என்று அவர் சொன்னதை அந்த உறை பொய்யாக்கிவிட்டது. மிச்சம் சண்முகராஜ்தான்.

கூண்டில் ஏறியவரிடம் அய்யாத்துரை வீட்டைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. குச்சனூர்க் கோயிலைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருஷமாகப் போகிறீர்கள், எள் விளக்கு எப்போது போடுவீர்கள், சனிக்கிழமை தவறியதுண்டா என்றெல்லாம் பக்தியோடு விசாரித்தார். சண்முகராஜுக்குச் சந்தோஷம். ஏழரைச் சனி பிடித்த நாளிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை, காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவது, நடுவில் எந்த வியாபாரமும் கிடையாது என்று விவரமாகச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி உட்காரச் சொன்னார்.

“வீடு வாங்குற விஷயத்துல ஒரு வேண்டுதல் இருந்ததா சொல்றாங்களே?” என்றார் அய்யாத்துரை.

“ஆமா. பதியிற வரைக்கும் படி ஏறுறதில்லை.”

“இந்த வீட்டு விஷயத்துல அதை முறிச்சீங்களா?”

சண்முகராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். “சனீஸ்வரன்கிட்ட விளையாட முடியுமா சார்? பதிஞ்சு அஞ்சாம் நாள் தேங்காய் உடைச்சுத்தான் கால் வச்சேன்.”

அய்யாத்துரை பதில் மனுவின் ஐந்தாவது பாராவை நிதானமாக வாசித்தார். ஆகஸ்ட் 21ஆம் தேதி வீட்டுக்குள் போய் விசாரித்ததாக இருக்கிறதே, அன்றைக்குச் சனிக்கிழமை ஆயிற்றே என்றார். வேண்டுதல் முறிந்ததா, மனு தப்பா, இரண்டில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டார்.

சண்முகராஜ் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“மனு தப்பு சார்,” என்றார் சண்முகராஜ்.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டுத் தானே கேட்டார்: “வாங்குறதுக்கு முன்னால அந்த வீட்டுல குடியிருந்த அம்மாகிட்ட, தெருவுல நின்னாவது, ஆள் விட்டாவது, ஏதாவது கேட்டீங்களா?”

“இல்லீங்க. செல்லப்பாண்டி சொன்னதைத்தான் கேட்டேன். அவுககிட்டக் கேக்கணும்னு யாரும் சொல்லலீங்க.”

பின்வரிசையில் இருளம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். டவாலி முறைத்துப் பார்த்தார். ராஜாத்தி சிரிக்கவில்லை. அவள் கண் சண்முகராஜின் மேலேயே இருந்தது. ஒரு வீட்டையே விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார், சாமி மேல் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் நம்பியது வீண் போகவில்லை.

1979 மார்ச் 22, வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. நீதிபதி ஆங்கிலத்தில் வாசித்ததால் ராஜாத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோர்ட்டுக்குள் எப்போதும் நின்றுகொண்டே இருக்கும் வைகுண்டராஜ், பாதியிலேயே பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். தோற்றுப்போனோம் என்றே அவள் நினைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்து உனக்குக் கிரயம் எழுதிக் குடுக்கணுமாம். ஆறு மாசம் டைம். செலவும் அவுக தலையில,” என்றார்.

சண்முகராஜ் அப்பீல் போகவில்லை. கோர்ட்டில் கட்டியிருந்த மீதித் தொகையை எடுத்துக்கொண்டு, மற்றதற்குச் செல்லப்பாண்டியின் கழுத்தைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அது தனி வழக்கு. அதற்கும் ஐந்து வருஷம் ஓடியது.

ஆவணி மாதம், ஆகஸ்ட் 27 திங்கட்கிழமை, பத்திர ஆபீசில் மூவரும் கூடினார்கள். வைகுண்டராஜ் எழுதிய பத்திரம் ஏழு பக்கம். ஓர் அடித்தல் இல்லை, ஒரு திருத்தல் இல்லை. முதலில் செல்லப்பாண்டி இடது பெருவிரல் ரேகை வைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்து சண்முகராஜ் வைத்தார். விரல் மையைத் துணியில் துடைத்துக்கொண்டே ராஜாத்தி பக்கம் வந்து, தொண்டையைச் செருமினார்.

“ஏம்மா, அடுத்த மாசம் தேனியில ஒரு வீடு வாங்கப் போறேன். உள்ளே குடி இருக்கு. எனக்கு இன்னும் வேண்டுதல் தீரலை. நீ ஒரு நடை வந்து உள்ளே இருக்கவுககிட்ட விசாரிச்சுச் சொல்லுவியா?”

“வாரேன் மொதலாளி. ஆனா பாரா அஞ்சுல என் பேரை எழுதிராதீக,” என்றாள் ராஜாத்தி. சார்பதிவாளர்கூடச் சிரித்துவிட்டார்.

அவள் சொன்னபடியே போனாள். உள்ளே இருந்த குடித்தனக்காரரிடம் பதிந்த குத்தகை இன்னும் நான்கு வருஷத்துக்கு இருப்பதைக் கேட்டு வந்து சொன்னாள். சண்முகராஜ் விலையைக் குறைத்துப் பேசி, குத்தகை முடியும்வரை காத்திருப்பதாக எழுதிக்கொடுத்து வாங்கினார். அதற்குப் பிறகு சின்னமனூரில் வீடு வாங்கப் போகிற பெண்கள் பலர், வைகுண்டராஜிடம் வில்லங்கம் போட்டுவிட்டு, ராஜாத்தியையும் ஒரு நடை கூப்பிட்டுப் போனார்கள். ஒருத்தரிடமும் அவள் காசு வாங்கவில்லை. வீட்டு விசேஷத்துக்கு இலை மட்டும் தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவைத்தாள்.

பதினொரு வருஷமாக இலைக்கட்டுகள் தெருவாசல் வழியாக, இரண்டு அறைகளையும் கடந்து, ஆள் தோளில்தான் கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒத்தி வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் செல்லப்பாண்டியைக் கேட்க வேண்டியிருந்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி போகிற அளவுக்கு ஒரு சந்து இருந்தது. பத்திரம் கைக்கு வந்த மறுவாரம், அந்தச் சந்து பொதுப்பாதைதானா என்று வைகுண்டராஜ் வரைபடத்தில் பார்த்து உறுதி சொன்னார். அடுத்த நாள் காலையிலேயே ராஜாத்தி கடப்பாரையோடு இரண்டு ஆட்களைக் கூட்டிவந்து, பின்சுவரில் ஒன்பது அடிக்குக் கரிக்கோடு போட்டுக் காட்டினாள்.

முதல் அடி விழுந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பதறிக்கொண்டு எட்டிப் பார்த்தார். யாரைக் கேட்டுச் சுவரை இடிக்கிறீர்கள் என்று ஆட்களை அதட்டினார்.

புழுதிக்குள் நின்ற ராஜாத்தி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“என்னைக் கேட்டுத்தான் இடிக்கிறாக,” என்று சொல்லிவிட்டு, “ம், அடிங்கப்பா,” என்றாள்.